கை உப்பு

தோதாத்ரி ஐயங்காருக்கு இரண்டாம் தாரமாக வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து ஸத்யபாமா ஏங்கியது ஒரு பேச்சுக்குத்தான். நகைநட்டு கேட்கவில்லை, பட்டுப்புடவை கேட்கவில்லை, மாசம் ஒரு தரம் திருமலைக்குக் கூட்டிக்கொண்டு போ என்றுகூடக் கேட்கவில்லை. இலை முன்னால் உட்கார்ந்து சாப்பிடுகிற மனுஷன் வாயைத் திறந்து, "இன்னிக்கு உப்பு கம்மி" என்றோ "கொஞ்சம் கரிக்கறது" என்றோ சொல்ல வேண்டும். நன்றாயிருக்கிறது என்று சொல்லக்கூட வேண்டாம், குறை சொன்னால் போதும். குறை சொல்லாத புருஷன் கிடைக்க மாட்டானா என்று தவம் கிடக்கிற பெண்கள் திருப்பதி மாடவீதி நான்கிலும் இருந்தார்கள். அவர்களிடம் போய் இதைச் சொன்னால், "உனக்குக் கொழுப்புடி" என்று சிரிப்பார்கள். அதனால் அவள் யாரிடமும் சொல்லவில்லை.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று ஒரு பழமொழி இருக்கிறதே, அதை அந்த வீட்டில் யாரோ ஆணி அடித்து மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள் போல. முன்னே உப்பிட்டவள் மூத்த தாரம் வஸுமதி. குழந்தை குட்டி இல்லாமல், முப்பது வயதுக்குள் ஜுரத்தில் போய்விட்டாள். நினைக்கிற காரியம் ஒரு குறைவும் இல்லாமல் நடந்துகொண்டிருந்தது. இப்போது உப்பிடுகிறவளை நினைக்கத்தான் ஆளில்லை.

ஸத்யபாமாவுக்குப் பிறந்த ஊர் பாலசமுத்திரம். அப்பாவுக்குக் கரும்புத் தோட்டமும் ஆலையும் உண்டு. ஆலை ஓடுகிற மாசங்களில் கொப்பரையில் பாகு கொதிக்கும், தெருவே இனிக்கும். நிலத்தடித் தண்ணீர் உப்பாக இருந்தால் கரும்பு கரிக்கும், வெல்லமும் கரிக்கும். ஒரு துணுக்கு வெல்லத்தை நாக்கில் வைத்துக்கொண்டு, இது மேட்டுக் கழனி, இது ஏரியோரத்துக் கழனி என்று அவள் சொல்லிவிடுவாள். சமையலில் "பாமா கை உப்பு" என்றால் அந்தத் தெருவில் அதற்கு மேல் பேச்சில்லை. அளந்து போட்டவளே இல்லை. கை அள்ளும், விழும், சரியாக இருக்கும்.

அந்தக் கைதான் திருப்பதிக்கு வந்ததும் பைத்தியம் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. ஒரு நாள் சப்பென்று இருக்கும். மறுநாள் வாயில் வைக்க விளங்காது.

காரணம் அவளுக்குத் தெரியும். அடுக்களை அலமாரியில் சாமான்கள் எல்லாம் வரிசையாக இருந்தன. ஏகாதசிக்கு இந்துப்பு, ஊறுகாய்க்கு வறுத்துப் பொடித்த உப்பு, காபிக்கு ரேஷன் ஜீனி, திருக்கண்ணமுது என்கிற பாயசத்துக்கு அப்பா அனுப்புகிற வெல்லம், இருமலுக்குப் பனங்கற்கண்டு, கோயிலிலிருந்து வருகிற கல்கண்டு. தினப்படி கல் உப்பை அவள் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த மரவையில், மரத்தில் கடைந்த கிண்ணத்தில், வைத்திருந்தாள். இவை எல்லாவற்றுக்கும் பின்னால், அலமாரி மூலையில், பாதி பழுப்பும் பாதி வெள்ளையுமாக ஒரு பீங்கான் ஜாடி. அதன் வாயில் ஒரு துணி. துணிமேல் கயிறு. கயிற்றை முடிந்தது தோதாத்ரி. உள்ளே இருந்தது வஸுமதி கடைசியாக வாங்கிப் போட்ட உப்பு.

உப்பைத் தூர எறியக் கூடாது, அது லக்ஷ்மி. காலில் மிதிபடவும் கூடாது. அதனால் அந்த ஜாடியை ஒன்றும் செய்வதற்கில்லை. அவர் எடுக்கவும் மாட்டார், கொடுக்கவும் மாட்டார். வெயில் காலத்தில் அது பாட்டுக்கு இருக்கும். மேகம் கறுத்தால் போதும், ஜாடிக்கு வேர்த்துவிடும். எங்கேயோ ஒரு கீறல் வழியாக நீர் கசிந்து அலமாரிப் பலகையில் இறங்கி, சொட்டுச் சொட்டாகத் தரையில் விழும். காய்ந்த இடத்தில் வெள்ளையாகப் பூத்திருக்கும். அவள் ஈரத்துணியால் துடைப்பாள். அடுத்த மழைக்கு மறுபடியும் பூக்கும், முன்னைவிட ஒரு விரற்கடை முன்னே வந்து. வருஷத்துக்கு வருஷம் அந்த வெள்ளைக் கோடு அவளுடைய மரவையை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.

மரவையில் கை வைத்தால் முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பார்கள். சத்தம் கித்தம் ஒன்றுமில்லை. ஒருத்தி அடுப்பில் வேலை செய்கிறபோது இன்னொருத்தி நிலைப்படியில் வந்து நின்றால் பிடரிக்குத் தெரியாதா, அந்த மாதிரி. 'இத்தனையா போடுவ?' என்று கேட்காமலே கேட்கிற நிற்பு. உப்பு அள்ளிய கை அந்தரத்தில் நின்றுவிடும். பாதியைத் திரும்பப் போடுவாள். போதாதோ என்று மறுபடி எடுப்பாள். அப்புறம் உப்பு எப்படி உப்பாக இருக்கும்? பெருமாளுக்கு அம்சை பண்ணிப் படைக்கிற தளிகை, அதாவது சமையல், ஆனதால் ருசி பார்க்கவும் முடியாது. எல்லாம் கை விட்ட வழி.

அவர் மட்டும் எது போட்டாலும் சாப்பிட்டார். காலையில் கோவிந்தராஜர் கோயிலில் கோஷ்டியில் பாசுரம் சேவித்துவிட்டு வருவார், இலையில் உட்காருவார், குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டுவிட்டுத் தேவஸ்தானத்து ஆபீஸுக்குக் கிளம்புவார். கெட்ட மனுஷன் இல்லை. அவளுக்குத் தலைவலி என்றால் அமிர்தாஞ்சன் டப்பாவை எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார். ஒரு நாளும் கை ஓங்கியதில்லை, ஒரு சுடுசொல் இல்லை. சாதாரணமாக மற்ற பேச்செல்லாம்கூட உண்டு. இலை முன்னால் மட்டும் ஊமை.

ஒரு ஆவணி மாசத்துக் காலையில், மழை மூட்டத்தில் அடுக்களை இருட்டிக் கிடந்தது. ஜாடி சொட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சொட்டைக் காதில் வாங்கிக்கொண்டே ஸத்யபாமா கத்தரிக்காய்க் குழம்புக்கு உப்புப் போட்டாள். அவர் சாப்பிட்டார். இரண்டாம் தரம் குழம்பு விட்டுக்கொண்டார். மோர் சாதம் சாப்பிட்டு, கை அலம்பி, குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு அவள் இலையில் உட்கார்ந்து ஒரு வாய் வைத்தாள்.

தித்தித்தது. கத்தரிக்காயும் புளியும் மிளகாயும் கல்கண்டும். அவள் கை போட்டது மரவையில் இல்லை, பக்கத்து டப்பாவில்.

யாராயிருந்தாலும் சிரிக்க வேண்டிய விஷயம்தான். அவள் அடுத்த கவளத்தை இலையிலேயே வைத்துவிட்டாள். இதை இரண்டு தரம் விட்டுக்கொண்டு சாப்பிட்டாரே! அப்படியானால் இந்த மனுஷன் இத்தனை வருஷமாக என் சமையலைச் சாப்பிடவே இல்லை. நான் பரிமாறுவது வேறு, அவர் இலையில் விழுவது வேறு. எனக்கும் அந்த இலைக்கும் நடுவில் இன்னொருத்தி உட்கார்ந்து பரிமாறிக்கொண்டிருக்கிறாள். இப்படி நினைத்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. பின்னால் திரும்பி அந்த ஜாடியைப் பார்க்கப் பயந்துகொண்டு, அழுதுகொண்டே அந்தத் தித்திப்புக் குழம்பைப் பூராவும் சாப்பிட்டாள்.

அந்த வாரம் மணியம்மா வந்தாள். கங்காதர நெல்லூர்க்காரி; புருஷன் போன பிறகு திருப்பதிக்கு வந்து, ரயிலில் வருகிற உப்பு மூட்டையை வாங்கிக் கூடையில் போட்டுத் தெருத்தெருவாக விற்கிறவள். புழக்கடைக் கதவண்டை கூடையை இறக்கிவிட்டு ஸத்யபாமாவின் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னாம்மா, உப்பு வாங்கறப்போ மூஞ்சிய இப்டி தூக்கி வெச்சிக்கினு கீற? லட்சுமி வர்ற நேரம்."

ஸத்யபாமா சுற்றி வளைக்கவில்லை. "மணியம்மா, மூலையில ஒரு ஜாடி இருக்கே. அதுல உப்பு அளந்தது நீதானா?"

மணியம்மா படியைக் கூடையிலேயே வைத்துவிட்டாள். "நான்தாம்மா. வெள்ளிக்கெழம. அந்த அம்மாவுக்கு ஒடம்பு நெருப்பா கொதிச்சிக்கினு இருந்திச்சி. கை வெடவெடன்னு நடுங்குது. படுத்துக்கோம்மான்னேன். சாமி ஆபீஸ் போவணும், ரசம் கொதிக்குதுன்னாங்க. ஜாடிய இதே வாசப்படியில வெச்சி ரொப்பினேன். அத்த உள்ள தூக்கிக்கினு போயி, ஒரு பிடி அள்ளி ரசத்துல போட்டாங்க. இங்கேர்ந்து பாத்துக்கினு இருந்தேன்."

"அப்புறம்?"

"அப்பறம் இன்னா, சாமி வந்து குந்தினாரு. ஒரு வாய் வெச்சாரு. 'இது மனுஷன் துன்றதா, உப்பளமா'ன்னு எலையத் தள்ளிட்டு எழுந்து போயிட்டாரு. அவ்ளதாம்மா. பெரிய சண்ட ஒண்ணும் இல்ல. எல்லா ஊட்லயும் நடக்கறதுதான், எங்க ஊட்ல இருந்தவன் சட்டியோட விட்டெறிவான். சாய்ந்தரம் சாமி திரும்பி வர்றதுக்குள்ள அந்த அம்மாவுக்கு நெனவு தப்பிப் போச்சி. அப்பறம் கண்ணே தொறக்கல. ஆஸ்பத்திரில மூளைக்கு ஏறிடிச்சின்னாங்களாம். தேவுடா, அந்த மனுசன் அழுத அழுவ."

மணியம்மா உப்பை அளந்து கொட்டிவிட்டுப் போய்விட்டாள். ஸத்யபாமா மரவையை மடியில் வைத்துக்கொண்டு புழக்கடையிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அவர் வஸுமதியிடம் கடைசியாகப் பேசிய பேச்சு உப்பைப் பற்றி. அதற்கப்புறம் அவர் வாயிலிருந்து அந்தப் பேச்சு எப்படி வரும்?

புரிந்துவிட்டது என்பதற்காக ஏக்கம் போய்விடுமா? மறுநாள் பரிமாறிவிட்டு அவளே கேட்டாள். "ஏன்னா, சாத்தமுதுல உப்பு எப்படி இருக்கு?"

சாத்தமுது என்பது அவர்கள் வீட்டில் ரசத்துக்குப் பேர். சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்த கை நின்றது. அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். கோபம் இருக்கும் என்று நினைத்தாள். கோபம் இல்லை, பயம் இருந்தது. கிணற்றின் விளிம்பில் குழந்தை நிற்பதைப் பார்த்துவிட்டவனுக்கு வருகிற மாதிரி பயம்.

"சாப்பிடற எடத்துல என்ன பேச்சு" என்று முணுமுணுத்துவிட்டு, வேகவேகமாகச் சாப்பிட்டு எழுந்துவிட்டார்.

கார்த்திகையில் வஸுமதியின் திதி வந்தது. பிள்ளை இல்லாதவளாகையால் புருஷன்தான் சிராத்தம் பண்ண வேண்டும். வருஷா வருஷம் தளிகைக்குக் காளஹஸ்தியிலிருந்து கிருஷ்ணமாச்சாரி என்கிற பரிசாரகர் வருவார். இளையவள் கையால் மூத்தவளுக்கு வேண்டாம் என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் அந்த ஒரு நாளில் ஸத்யபாமாவுக்கு அடுக்களையில் வேலை இருக்காது. காய் நறுக்கிக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்பாள்.

அந்த வருஷம் புயல் அடித்து நாலு நாள் விடாத மழை. ஸ்வர்ணமுகி ஆற்றில் வெள்ளம். காளஹஸ்தி பஸ் நின்றுபோனது. காலையில் மந்திரம் சொல்லிவைக்கிற வாத்தியார் மட்டும், சிராத்தச் சாப்பாட்டுக்கு வரித்து உட்காரவைக்கிற இரண்டு ஸ்வாமிகளையும் அழைத்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து சேர்ந்தார்.

"பரிசாரகர் வரலைன்னா என்ன? ஆத்துக்காரி இருக்கா கதா. திதியை நிறுத்தப்படாது" என்றார் தெலுங்கு கலந்து பேசுகிற வாத்தியார்.

தோதாத்ரி அவள் பக்கம் திரும்பினார். முகத்தைப் பார்க்கவில்லை. "நீயே பண்ணிடு" என்றார்.

அவள் தலைக்கு ஊற்றிக்கொண்டு, மடிப்புடவை கட்டிக்கொண்டு அடுப்பை மூட்டினாள். சிராத்தத் தளிகைக்குத் தனி நியாயம். மிளகாய் கூடாது, பெருங்காயம் கூடாது, மிளகும் சீரகமும்தான். ஜீனி கூடாது, வெல்லம்தான். எதையும் வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது, முகர்ந்துகூடப் பார்க்கக் கூடாது. வாழைக்காய் வெந்தது, சேப்பங்கிழங்கு வெந்தது, பயத்தம்பருப்புத் திருக்கண்ணமுதில் வெல்லம் கரைந்தது. சாத்தமுது நுரை கட்டிக்கொண்டு வந்தது. உப்புப் போடலாம் என்று மரவையை இழுத்தாள்.

மரவையில் உப்பு இல்லை, தண்ணீர் இருந்தது. இரவெல்லாம் ஓட்டிலிருந்து ஒழுகியது நேரே மரவைக்குள் இறங்கியிருக்கிறது. அழுக்கும் தூசியும் கலந்த கலங்கல் தண்ணீர். வறுத்த உப்பு ஊறுகாய்க் கை பட்ட பாத்திரத்தில் இருக்கிறது, மடிக்கு ஆகாது. இந்துப்பு ஏகாதசியோடு தீர்ந்துவிட்டது. தெருவில் கடை ஒன்றும் திறக்கவில்லை. பக்கத்து வீட்டில் போய் உப்புக் கடன் கேட்பது சாதாரண நாளிலேயே கிடையாது. சிராத்தத்தன்று மடியோடு படி இறங்கி எங்கே போவது? கூடத்தில் மந்திரம் கேட்க ஆரம்பித்துவிட்டது. செத்துப்போனவளைப் பேர் சொல்லி, கோத்திரம் சொல்லி, வா, வந்து உட்கார் என்று அழைத்துக்கொண்டிருந்தார்கள்.

பின்னால் அவள் வந்து நின்றாள். இந்தத் தடவை சந்தேகமில்லை. ஜாடி சொட்டிக்கொண்டிருந்தது.

ஸத்யபாமா திரும்பினாள். அங்கே யாரும் இல்லை, மூலையில் ஜாடிதான் இருந்தது. அதை எடுத்து அடுப்படியில் வைத்தாள். கயிற்று முடிச்சு உப்பேறி இறுகிக் கிடந்தது. நகம் பிய்ந்தது, அவிழ்த்துவிட்டாள். துணியை நீக்கினாள்.

உப்புக்கு ஏது ஊசல்? வெள்ளையாகத்தான் இருந்தது. கல்லாக இறுகியிருந்தது. நடுவில் ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் நாலு கோடுகள் இறங்கியிருந்தன. எதிர்ப்பக்கத்தில் ஒரு குழி. அது என்ன என்று அவளுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. அப்புறம் விளங்கியது. நாலு விரல், ஒரு கட்டைவிரல். ஒரு பிடி அள்ளிக்கொண்டு கையை எடுத்தவள், அந்தக் கை இருந்த இடத்தை விட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.

பயத்தில் ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. எங்கே ஓடுவது? அடுப்பில் சாத்தமுது பொங்குகிறது.

"அக்கா," என்றாள் மெதுவாக. "இன்னிக்கு சாப்பிடப்போறது நீங்க. உப்பு நீங்களே எடுத்துக் குடுங்கோ."

கரண்டிக் காம்பால் ஓரத்தில் தட்டித் தட்டி எடுத்துக் கறிகளுக்குப் போட்டாள். சாத்தமுதுக்குப் போட வேண்டியபோது கரண்டியை வைத்துவிட்டுக் கையை அந்தப் பள்ளத்துக்குள் விட்டாள். விரல்கள் கோடுகளில் போய் உட்கார்ந்தன. வளையல் கடையில் அளவு பார்த்த மாதிரி. இத்தனை வருஷமாக இந்த வீட்டில் அந்தரத்தில் நின்று நின்று திரும்பிய கை, அன்றைக்குத்தான் நடுங்காமல் இருந்தது. பள்ளத்தின் அடியில் உதிர்ந்து கிடந்த உப்பை அள்ளியது. இது ஜாஸ்தி, பாதி போதும் என்று அவள் நினைத்தது உண்மை. நினைத்து முடிப்பதற்குள் கை சாத்தமுதின் மேலே போய்த் திறந்துகொண்டுவிட்டது.

ஸ்வாமிகள் இலையில் உட்கார்ந்தார்கள். அவள் பரிமாறினாள். சாத்தமுது சாதம் முதல் கவளத்திலேயே அவர்கள் இரண்டு பேருக்கும் கண் விரிந்துபோயிற்று. ஆனால் சிராத்தத்தில் சாப்பிடுகிறவர் ருசியைப் பற்றி மூச்சு விடக் கூடாது. நன்றாயிருக்கிறது என்றும் சொல்லக் கூடாது, நன்றாயில்லை என்றும் சொல்லக் கூடாது. உப்பை உப்பாக இலையில் வைக்கவும் கூடாது. போட்டதைச் சாப்பிட வேண்டியதுதான். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்பார்கள்; அந்த இரண்டு பேரும் குடித்த தண்ணீருக்கு ஒரு குடம் காலியாயிற்று. கடைசியில் திருப்தியா என்று தோதாத்ரி சமஸ்கிருதத்தில் கேட்க, திருப்தி என்று சமஸ்கிருதத்திலேயே பதில் சொல்லிவிட்டு இன்னொரு சொம்பு கேட்டார்கள்.

ஸத்யபாமாவுக்குச் சிரிப்பு வரவில்லை. சொம்போடு நிலைப்படியில் நின்றவளுக்கு ஒன்று உறைத்தது. பிறந்ததிலிருந்து தெரிந்த விதிதான்; ஆனால் அது என்னவென்று அன்றைக்குத்தான் தெரிந்தது. குனிந்த தலை நிமிராமல், நல்லது கெட்டது சொல்லாமல், போட்டதைச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவது. இதைத்தானே அவர் தினமும் பண்ணிக்கொண்டிருந்தார்? வருஷத்துக்கு ஒரு நாள்தான் திதி என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். இந்த வீட்டில் விடிந்தால் வஸுமதிக்குச் சிராத்தம். தான் சமைத்ததெல்லாம் அதற்குத்தான்.

எல்லோரும் போன பிறகு தோதாத்ரி உட்கார்ந்தார். பித்ருக்களுக்குப் பரிமாறிய மிச்சத்தைத்தான் சிராத்தம் பண்ணுகிற கர்த்தா சாப்பிட வேண்டும். அவள் சாத்தமுது விட்டாள். பிசைந்தார். ஒரு வாய் வைத்தார்.

அப்படியே நின்றுவிட்டது முகம். கல்கண்டுக் குழம்பு தெரியாத நாக்குக்கு இது தெரிந்துவிட்டது. தள்ளப்போகிறார், இலையைத் தள்ளிவிட்டு எழுந்து போகப்போகிறார் என்று நினைத்தாள். அவர் கை இலையின் விளிம்பைத் தொட்டது. தள்ளவில்லை. இலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். குனிந்து சாப்பிட ஆரம்பித்தார். ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். "இன்னும் கொஞ்சம்" என்று கையை நீட்டினார். விட்டாள். அதையும் சாப்பிட்டார். கண்ணிலிருந்து கொட்டியது, துடைத்துக்கொள்ளவில்லை. தண்ணீர்ச் சொம்பு பக்கத்திலேயே இருந்தது, அதைத் தொடவில்லை. அன்று காலையில் விட்டுவிட்டுப் போன சாப்பாட்டை, இத்தனை வருஷம் கழித்து வந்து உட்கார்ந்து, பாக்கி வைக்காமல் சாப்பிட்டு முடித்தார்.

அவர் எழுந்து போன பிறகு அவளும் அதே சாத்தமுதை விட்டுக்கொண்டு ஒரு வாய் வைத்தாள். நாக்கு எரிந்தது. ஜுரத்தோடு அடுப்பங்கரையில் நின்று, நடுங்குகிற கையால் இதைச் சமைத்துவிட்டு, தள்ளிவிட்ட இலையை எடுத்துப் போட்டவளை நினைத்தாள். வந்த நாளிலிருந்து அவளுக்கு வஸுமதிமேல் பயம் இருந்தது, பொறாமை இருந்தது. பாவம் என்று தோன்றியது அன்றைக்குத்தான்.

மறுநாள் மழை விட்டிருந்தது. மணியம்மாவின் குரல் தெரு முனையில் கேட்டதுமே ஸத்யபாமா ஜாடியைப் புழக்கடைக்குத் தூக்கிக்கொண்டு போனாள்.

"இதுலயே கொட்டு."

மணியம்மா உள்ளே எட்டிப் பார்த்தாள். அந்தப் பள்ளத்தைப் பார்த்தாளோ என்னவோ, கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "பழசு மேலயேவாம்மா?"

"மேலயேதான். அவா உப்பு அடியில இருக்கட்டும்."

புது உப்பு சலசலவென்று இறங்கி, விரல் கோடுகளை மூடி, வாய்வரைக்கும் நிறைந்தது. ஸத்யபாமா துணி கட்டவில்லை. ஜாடியை அலமாரியில் கைக்கெட்டுகிற இடத்தில் வைத்தாள். மரவையைக் கழுவி வெயிலில் கவிழ்த்தாள்.

கத்தரிக்காய்க் குழம்பு வைத்தாள். உப்புப் போடும்போது பழக்கத்தில் கை அந்தரத்தில் நின்றது. பிடரி பின்னால் யார் நிற்கிறார்கள் என்று கவனித்தது. யாரும் நிற்கவில்லை. நிற்காதது நிம்மதியாகவும் இருந்தது, இத்தனை வருஷத்துத் துணை ஒன்று போனாற்போல வெறிச்சென்றும் இருந்தது. அந்த வெறிச்சில் எத்தனை போட்டாள் என்று அவளுக்கே நினைவில்லை.

தோதாத்ரி கோயிலிலிருந்து வந்து இலையில் உட்கார்ந்தார். குழம்பு விட்டாள். பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டார். இரண்டாம் வாய்க்கு எடுத்த கை இலையிலேயே நின்றது.

"கொழம்புல..." என்றார்.

அவள் குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"கொழம்புல உப்பு கொஞ்சம் கம்மி, பாமா."

சொன்னதுதான் தாமதம், அவர் முகத்தில் ரத்தம் வற்றிவிட்டது. நிமிர்ந்து அவளையே பார்த்தார். அவள் நிற்கிறாளா, கண் திறந்திருக்கிறதா, கை நடுங்குகிறதா என்று மேலும் கீழுமாகப் பார்த்தார். கேட்கக் காத்திருந்த வார்த்தை காதில் விழுந்ததும் சந்தோஷப்பட வேண்டும் என்றுதான் அவள் இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள். இப்போது அவரைப் பார்க்கையில் அந்தச் சந்தோஷத்தோடு ஒரு வலியும் சேர்ந்து வந்தது. ஜாடியிலிருந்து நாலு கல் உப்பை எடுத்துக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். இலையோரத்தில் வைத்தாள்.

"போட்டுண்டு சாப்பிடுங்கோ. எனக்கு ஒண்ணும் ஆகலை."

அவர் வலது கை எச்சிலாக இருந்தது. இடது கையைத் தூக்கி, புறங்கையை அவள் நெற்றியில் வைத்தார். கழுத்தில் வைத்துப் பார்த்தார். மறுபடியும் நெற்றியில் வைத்தார்.

"ஜுரம் இல்லையே?"

"இல்லை."

உப்பைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டு முடித்தார். அன்று ஆபீஸுக்குப் போகவில்லை. அடுக்களை நிலைப்படியில், வருஷக்கணக்காக இன்னொருத்தி நின்றுகொண்டிருந்த அதே இடத்தில் உட்கார்ந்துகொண்டு, அவள் பாத்திரம் தேய்ப்பதையும் அரிசி களைவதையும் பார்த்துக்கொண்டே இருந்தார். சாயங்காலம் அவள் விளக்கு ஏற்றிவிட்டுத் திரும்பியபோது எழுந்து வந்து, இன்னொரு தரம் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.